மெட்ராஸ் கணக்கில் காணாமல் போன கண்ணுகள்

போன மாதம் உங்கள் கணக்கெடுப்புப் பயிற்சி வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். பேசுவதற்கு முன்னால் நல்ல காப்பி கொடுத்தீர்கள். பேசி முடித்ததும் சால்வை போட்டீர்கள். நடுவில் நான் பேசியதை எத்தனை பேர் கேட்டீர்கள் என்பது வேறு விஷயம். கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும் எழுந்து ஒரு கேள்வி கேட்டாள்.

"மேடம், குழந்தை பேர் என்னன்னு கேட்டா சில வீட்டுல 'பாப்பா'ன்னு சொல்றாங்க. பக்கத்து வீட்டுலயும் 'பாப்பா'ன்னுதான் சொல்றாங்க. டேப்லெட் ரெண்டும் ஒரே குழந்தைன்னு நெனச்சுக்கிட்டு ரெண்டாவதை ஏத்துக்க மாட்டேங்குது. என்ன பண்றது?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் ஒருங்கிணைப்பாளர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், "எழுதி அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இதுதான் அது. கொஞ்சம் நீளம். ஓய்வு பெற்றவர்களிடம் கேள்வி கேட்டால் இப்படித்தான் ஆகும்.

எழுபதுகளின் தொடக்கத்தில், முழங்கால் வலி என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாத காலத்தில், ஏற்காடு மலையில் ஓர் ஆய்வு நடந்தது. மலையில் பிறக்கும் குழந்தைகளில் எத்தனை பேர் முதல் வயதைத் தாண்டுகிறார்கள், தாண்டாதவர்கள் ஏன் தாண்டவில்லை, அந்த வீட்டில் என்ன இருந்தது, என்ன இல்லாமல் போனது. இவ்வளவுதான் கேள்வி. பனிக்காலத்தில் காப்பிப் பழம் பறிக்கும்போது முதல் சுற்று. கைக்குழந்தைகளையெல்லாம் எழுதிக்கொண்டு வர வேண்டும். மழைக்காலத்தில் இரண்டாவது சுற்று. அதே குழந்தைகளைத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.

முதல் சுற்றை வேறொரு குழு முடித்துவிட்டு இறங்கிப் போயிருந்தது. இரண்டாவது சுற்றுக்கு நானும் வசந்தாவும் வந்தோம். நான் சேலத்துக்காரி, மேற்பார்வையாளர் என்று பெயர். வசந்தா தஞ்சாவூர்ப் பக்கம். கேள்வித்தாளில் என்ன அச்சடித்திருக்கிறதோ அதை ஓர் எழுத்து பிசகாமல் கேட்பாள். எங்களுக்குப் பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். உங்களுக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். தவறில்லை. ஆனால் கேள்வியை எழுதியவர் மெட்ராஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதினார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தோம். காலையில் வெள்ளக்கடைக்குப் போகும் பஸ் ஏறி, இறங்கி, எஸ்டேட்டுக்கு நடப்போம். இரண்டாவது சுற்று ஒருவழியாக முடிந்தது. தாள்களையெல்லாம் கட்டி மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டு, இரண்டு பேரும் சூடாக பஜ்ஜி தின்றுகொண்டிருந்த ஒரு மழை நாளில் தந்தி வந்தது.

தந்தி கொண்டுவந்தவர் வாசலிலேயே நின்றார். முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார்.

"ஏனுங்க, உங்களுக்கு நொம்ப வேண்டியவருங்களா?"

"யாரு?"

"கண்ணுங்கறவரு."

தந்தியைப் பிரித்தேன். ஆய்வை நடத்திய எங்கள் டாக்டர் அனுப்பியிருந்தார். ஆங்கிலத்தில் இருந்ததன் சாரம் இது: கண்ணு மரணங்கள், விளக்கம் தேவை, நாளை நேரில் வருகிறேன். லாட்ஜ்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து, "எடுத்தாச்சுங்களா, இனிமேத்தானுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். பஜ்ஜிக்குக் காசு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. புரிந்ததும் சிரித்துவிட்டேன். இழவு விழுந்த இடத்தில் இவள் என்ன சிரிக்கிறாள் என்று லாட்ஜ்காரர் நினைத்திருப்பார்.

உங்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் சின்னவர்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாரும் கண்ணு, எல்லாரும் சாமி. "இங்க வா கண்ணு", "சாப்புடு சாமி". எனக்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வரைக்கும் என் பெயர் கண்ணு என்றுதான் நினைப்பு. அந்த எஸ்டேட்டில் அதற்கு மேல் ஒரு வழக்கமும் இருந்தது. குழந்தையைச் சேர்வராயன் கோயிலுக்குத் தூக்கிப் போய், திருவிழாவில் மொட்டை போட்ட பிறகுதான் பெயர் வைப்பார்கள். அதுவரைக்கும் குழந்தைக்குப் பெயரே கிடையாது. முதல் சுற்றுக்காரர்கள் பனிக்காலத்தில் போய்ப் பெயர் கேட்டிருக்கிறார்கள். எல்லாத் தாய்மாரும் "கண்ணுங்க" என்றிருக்கிறார்கள். இவர்களும் கண்ணு, கண்ணு, கண்ணு என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். கோடையில் திருவிழா வந்தது. கண்ணுகளெல்லாம் மொட்டை போட்டுக்கொண்டு மணி, செல்வி, பழனி என்று இறங்கி வந்துவிட்டார்கள். மழைக்காலத்தில் நாங்கள் போனபோது மணியையும் செல்வியையும் எழுதினோம். மெட்ராஸில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்கு ஒரு டஜன் கண்ணு காணவில்லை.

அப்பா பெயரை வைத்தாவது கண்டுபிடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "மயிலு மேல உக்காந்திருப்பாருல்லங்க, அவரு பேரு" என்பார்கள். முதல் சுற்றில் எழுதியவர் தன் இஷ்டத்துக்கு முருகன் என்று எழுதியிருப்பார். இரண்டாவது சுற்றில் புருஷனே வீட்டில் இருந்து "சுப்பிரமணிங்க" என்றிருப்பார். வீட்டு எண்ணை வைத்துப் பார்க்கலாம் என்றால், நடுவில் ஆட்கள் குடியிருந்த பழைய லைன் வீடுகளின் கூரையைப் பிரித்துவிட்டு ஆட்களைப் புது லைனுக்கு மாற்றியிருந்தார்கள். ஆக, மெட்ராஸ் கண்ணோட்டத்தில் முருகனின் மகன் கண்ணு செத்துப் போய்விட்டான், எங்கிருந்தோ சுப்பிரமணியின் மகன் மணி வந்து குதித்திருக்கிறான்.

இதுவரைக்கும் வேடிக்கைதான். தந்திச் செய்தி எங்களுக்கு முன்னால் எஸ்டேட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எஸ்டேட் ரைட்டர் குடையோடு நின்றார். ஆட்களின் வருகையையும் வேலையையும் கவனிப்பவர் அவர். "எஸ்டேட்டுல கைப்புள்ளைங்க செத்துருச்சுன்னு கவர்மெண்ட் தந்தி வந்திருக்குதாமுங்க. பஜார்லயே பேசிக்கறாங்க. துரை கொதிச்சுப் போயிருக்காரு. புள்ளைக் கொட்டாயை மூடச் சொல்லிட்டாரு. பாவாயி ஆயாளை ஊட்டுக்கு அனுப்பச் சொல்லிட்டாரு" என்றார்.

துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை. அவர்கள் எப்போதோ கப்பலேறிவிட்டார்கள். இவர் கோயம்புத்தூர்க்காரர், மேனேஜர். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் துரைதான். பிள்ளைக் கொட்டாய் என்பது தகரம் போட்ட ஒரு பெரிய கொட்டகை. தாய்மார் காட்டு வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். அதை மூடினால் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு மழையில் களை வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் கூலியை விட்டுவிட்டு வீட்டில் இருக்க வேண்டும். அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பாவாயிக்கோ அந்தக் கொட்டாயை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது, லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டியிருக்கும்.

பாவாயியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பாவாயி ஊரறிந்த பொய்க்காரி. கொட்டாய்க்குள் நுழைந்த சிறுத்தையை விளக்குமாற்றால் அடித்துத் துரத்தியதாகச் சொல்வாள். ஒரு மந்திரி தன் கையால் ராகிக் களி வாங்கித் தின்றுவிட்டு இன்னொரு உருண்டை கேட்டதாகச் சொல்வாள். துரையின் பிள்ளைகள் பிறக்கும்போது மருத்துவச்சியாக இருந்து பிரசவம் பார்த்ததும் தானே என்பாள். துரைக்கு அப்போது கல்யாணமே ஆகியிருக்கவில்லை. வாயில் எப்போதும் வெற்றிலை. யாரோடும் சண்டை போடாத நாள் அவளுக்கு நல்ல நாள் இல்லை.

அன்றைக்கு அவளுக்குச் சண்டை போட நான் கிடைத்தேன். கொட்டாய் வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். வழக்கமாக என்னைக் கண்ணு என்பவள் அன்று மரியாதைக்குத் தாவிவிட்டாள். அவள் மரியாதை கொடுத்தால் கோபம் என்று அர்த்தம்.

"ஏனுங்க நர்சம்மா, உங்க காயிதத்துல கண்ணு செத்தா நான் எதுக்குங்க ஊட்டுக்குப் போவோணும்?"

"நான் நர்சு இல்லீங்க ஆயா."

"யாரா இருந்தா எனக்கென்னங்க. நல்லா இருக்கற புள்ளைங்களக் கொன்னு போட்டுட்டு வந்து நிக்கறீங்க. அந்த டாக்டரு வரட்டும். சிறுத்தைக்கு எடுத்த வெளக்குமாறு இன்னும் வெச்சிருக்கறனுங்க."

உங்கள் வேலையில் இந்த மாதிரி ஒரு காலை வரும். உண்மை உங்களுக்குத் தெரியும். அதை உண்மை என்று காட்ட உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. டாக்டர் மத்தியானம் வந்துவிடுவார். லண்டனில் படித்தவர். "எங்கள் பக்கத்தில் எல்லாரும் கண்ணுதான் சார்" என்று சொன்னால் கேட்டுக்கொள்கிற ஆள் இல்லை. ஒவ்வொரு குழந்தையையும் காட்டு என்பார்.

நான் துரையிடம் போய், டாக்டர் வரும் வரைக்கும் கொட்டாயை மூட வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் வசந்தா தன் பங்குக்கு உதவி செய்யக் கிளம்பிவிட்டாள். லைனில் முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். வசந்தா தாளைப் பிரித்து, நல்ல தெளிவான உச்சரிப்பில், அச்சடித்திருந்தபடியே கேட்டாள்.

"சென்ற சுற்றில் நீங்கள் கூறிய கண்ணு என்ற குழந்தை இப்போது உயிருடன் உள்ளதா, இறந்துவிட்டதா?"

கேள்வி முடியும் முன்பே முறத்தில் இருந்த உமியெல்லாம் வசந்தா தலையில். "வாயில மண்ணு விழுக!" என்று ஆரம்பித்த அந்தப் பெண்ணின் குரல் துரை பங்களா வரைக்கும் கேட்டது. நான் ஓடி வந்தபோது லைன் முழுக்கக் கதவுகள் சாத்தியிருந்தன. வசந்தா உமியும் கண்ணீருமாக நின்றாள். "சரியாத்தானே மேடம் கேட்டேன்" என்றாள். பாவம், சரியாகத்தான் கேட்டிருந்தாள். ஒரு தாயிடம் உன் பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று கேட்பதற்கு எந்த உச்சரிப்பும் சரிப்படாது என்பதுதான் அந்தத் தாளில் அச்சடிக்காமல் விட்ட விஷயம்.

மொட்டை எப்போது போட்டீர்கள், சேர்வராயன் கோயிலுக்கு யார் யார் போனீர்கள் என்று பேச்சுக் கொடுத்திருந்தால் எல்லாம் தானாக வந்து விழுந்திருக்கும். அப்படித்தான் கேட்கலாம் என்று பஸ்ஸில் வரும்போதே நினைத்து வைத்திருந்தேன். இனி அதற்கும் வழியில்லை. யார் கதவைத் தட்டினாலும் உமிதான் கிடைக்கும். ஒரே ஒரு இடம்தான் பாக்கி. டாக்டரை நேராகக் கொட்டாய்க்கே கூட்டிப் போய்விடுவது என்று முடிவு செய்தேன். பாவாயியிடம் போய், "நீங்க ஒண்ணும் பேச வேண்டாங்க ஆயா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. சிறுத்தை, மந்திரி எதுவும் வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டேன். "நான் எப்பங்க அதிகமாப் பேசியிருக்கறேன்?" என்றாள்.

டாக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். நாற்பது வயதுதான் இருக்கும். நெட்டையாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் தாள்களோடு. துரையும் ரைட்டரும் பின்னாலேயே வந்தார்கள். மழை தகரத்தைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே பாயில் குழந்தைகள் தவழ்ந்துகொண்டும் ஒருவர் காதை ஒருவர் இழுத்துக்கொண்டும் இருந்தார்கள்.

"இதில் யார் கண்ணு?" என்று கேட்டார் டாக்டர்.

"எல்லாம் கண்ணுதானுங்க" என்றாள் பாவாயி.

"நான் பேரைக் கேக்கறேன்."

"நானும் பேரத்தானுங்க சொல்றேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பாவாயி குழந்தைகள் பக்கம் திரும்பி, "கண்ணூ!" என்று ஒரு குரல் கொடுத்தாள். பாயில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. ஒன்று மட்டும் பயந்துபோய் அழ ஆரம்பித்தது.

நான் டாக்டரை வெற்றியோடு பார்த்தேன். அவர் அசரவில்லை. "சத்தம் போட்டால் எந்தக் குழந்தையும் திரும்பும்" என்றார். சொல்லிவிட்டு, லண்டன் படிப்பு சும்மா இருக்குமா, தானே சோதித்துப் பார்த்தார். "ராஜா!" என்று கத்தினார். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. "மணி!" என்றார். ஒரு குழந்தையும் ரைட்டரும் திரும்பினார்கள். ரைட்டர் பெயரும் மணிதான். துரைக்கு அன்று முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

டாக்டர் குனிந்து குழந்தைகளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "எல்லாருக்கும் தலைமுடி ஒரே அளவு இருக்கே, ஏன்?" என்று கேட்டார். எனக்கு உயிர் வந்தது. மனுஷன் தாளைவிட்டுத் தலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"சேர்வராயனுக்குக் குடுத்த முடிங்க. ஒரே திருவிழாவுல எடுத்தது. பொறவு பேரு வெச்சாங்க. இது மணி. இது செல்வி. அதா அழுவுதே, அது பழனி" என்று ஆரம்பித்தாள் பாவாயி.

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி கண்ணுங்க."

"இப்போ?"

"இப்பவுங் கண்ணுதானுங்க. பேரு வெச்சுட்டா கூப்புடறத மாத்த முடியுங்களா?"

டாக்டர் தாளைப் பார்த்தார், தலைகளைப் பார்த்தார். யோசித்துக்கொண்டே இரண்டு எட்டு பின்னால் நகர்ந்து, சரியாகத் தகரம் ஒழுகும் இடத்தில் போய் நின்றார். மழைத் தண்ணீர் அவர் உச்சந்தலையில் சொட்டியது. அவருக்கு அது உறைக்கவில்லை.

"கண்ணு, அங்க நிக்காத, தல நனையுது பாரு. இங்குட்டு வா" என்றாள் பாவாயி.

டாக்டர் சட்டென்று திரும்பி, அவள் பக்கம் வந்தார். வந்து நின்ற பிறகுதான் தான் எதற்குத் திரும்பினோம் என்பது அவருக்கு உறைத்தது. வசந்தா உமி ஒட்டிய முகத்தோடு வாயைப் பொத்திக்கொண்டாள். துரை வாய்விட்டுச் சிரித்தார். கடைசியில் டாக்டரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். "என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று என்னிடம் சொன்னார்.

அவ்வளவுதான். எல்லாம் முடிந்தது. அன்று கொட்டாய்க்கு வராத இரண்டு மூன்று குழந்தைகள் சளி, காய்ச்சல் என்று வீட்டில் இருப்பதாக ரைட்டர் சொன்னார். டாக்டர் தலையாட்டினார். துரை, கொட்டாய் வழக்கம்போல நடக்கட்டும் என்றார். ரைட்டர் எல்லாருக்கும் டீ சொன்னார். நான் மனசுக்குள் இந்தக் கதையை மெட்ராஸில் யாரிடம் முதலில் சொல்வது என்று திட்டம் போட ஆரம்பித்துவிட்டேன்.

டீ டம்ளரை வாங்கிய டாக்டரிடம் பாவாயி, "ஒரு கண்ணு இல்லீங்க" என்றாள்.

அவள் வழக்கமான கதைகளில் ஒன்றை அவிழ்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். குரல் அப்படி இல்லை. நான் டாக்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு பேசாதே என்று கண்ணைக் காட்டினேன். வேலை தப்பித்தது, கொட்டாய் தப்பித்தது, இப்போது போய் எதற்கு என்று எனக்குப் பதறியது. அவள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

"செல்லம்மா புள்ளைங்க. திருவிழாவுக்குக் கொஞ்ச நாளு முன்னாடி. இங்க இருக்கும்போதே ஒடம்பு சுட்டுச்சு. சாயங்காலம் அவகிட்டச் சொல்லித்தான் குடுத்தனுங்க. ராத்திரி மூச்சு எளைக்குதுன்னு ஏற்காட்டு ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போவ ஜீப்பு கேட்டாங்க. ஜீப்பு மூட்டை ஏத்திக்கிட்டு சேலம் போயிருந்துச்சு. விடியக்காலம் போயிருச்சுங்க."

ரைட்டர் தரையைப் பார்த்தார். துரையின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. "இத்தனை நாள் ஏன் யாரும் என்கிட்டச் சொல்லலை?" என்று கேட்டார்.

"மொட்டை போடாத புள்ளைக்கு எழவு சொல்ல மாட்டாங்க சாமி. பேரே இல்லாததுக்கு என்னன்னு சொல்றது? நான் யாரையுங் குத்தஞ் சொல்லலீங்க."

நான்தான் கேட்டேன். இன்றைக்கும் ஏன் கேட்டேன் என்று தெரியாது. "எல்லாம் நல்லா முடிஞ்சப்பறம் எதுக்குங்க ஆயா இப்பச் சொன்னீங்க?"

பாவாயி என்னைப் பார்த்தாள். கோபம் போய்விட்டிருந்தது.

"எல்லாக் கண்ணும் இருக்குதுன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டீங்கன்னா, அவ பெத்ததே இல்லைன்னு ஆயிருமில்ல கண்ணு?"

நான் இந்த வேலையில் எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். குழந்தைச் சாவுகளை ஏன் விடாமல் எழுத வேண்டும் என்பதற்குப் பெரிய பெரிய காரணங்கள் கேட்டிருக்கிறேன். அந்தக் கொட்டாயில் கேட்டதற்கு மேல் ஒன்றும் கேட்டதில்லை. ஆயிரம் பொய் சொன்னவள் தன் வேலை போகக்கூடிய நேரத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிட்டாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் டீயைக் குடித்தேன்.

செல்லம்மா பக்கத்துக் காட்டில்தான் களை வெட்டிக்கொண்டிருந்தாள். ரைட்டரே போய்க் கூட்டி வந்தார். மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காடை போட்டுக்கொண்டு, கையில் களைக்கொத்தோடு வந்து வாசலிலேயே நின்றாள். சின்னப் பெண். எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாமல் முதலில் துரையைத்தான் பார்த்தாள்.

டாக்டர் கையில் கேள்வித்தாள் இருந்தது. குழந்தை இறந்த வீட்டில் கேட்க வேண்டிய கேள்விகள் அதில் வரிசையாக இருந்தன. என்ன நோய், எத்தனை நாள், யார் பார்த்தார்கள், ஏன் கொண்டுபோகவில்லை. டாக்டர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்திப் பாவாயியிடம் கேட்டார்.

"இவங்ககிட்ட நான் என்ன கேக்கணும்?"

"ஒண்ணுங் கேக்க வேண்டாங்க. பேரு மட்டும் கேளுங்க."

டாக்டர் செல்லம்மா பக்கம் திரும்பினார். "உன் குழந்தை பேர் என்னம்மா?"

செல்லம்மா பாவாயியைப் பார்த்தாள். பாவாயி தலையசைத்தாள்.

"மொட்டை போடலீங்களே" என்றாள் செல்லம்மா.

"பரவாயில்லைம்மா. நீ எப்படிக் கூப்பிடுவே?"

"கண்ணுதானுங்க."

"அப்படியே எழுதிக்கட்டுமா?"

கொங்காடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "எழுதிக்குங்க" என்றாள். பிறகு, "பையனுங்க" என்று சேர்த்துக்கொண்டாள்.

டாக்டர் தன் கையாலேயே எழுதினார். மற்ற கண்ணுகளையெல்லாம் பிறகு நாங்கள் மணி, செல்வி, பழனி என்று திருத்தினோம். ஒரு பெயரை மட்டும் திருத்த வேண்டியிருக்கவில்லை. முதல் சுற்றுக்காரர்கள் எழுதியதில் சரியாக எழுதிய ஒரே பெயர் அதுதான்.

துரை வெளியே போய் மழையையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து ரைட்டரிடம், இனிமேல் குழந்தைக்கு முடியவில்லை என்று யாராவது வந்தால் தன் காரை எடுக்கச் சொல்லுங்கள், தன்னைக் கேட்க வேண்டாம் என்றார். பிறகு பாவாயியைப் பார்த்து, "கொட்டாய் இருக்கும். நீங்களும் இருங்க" என்றார். அவர் அவளை வாங்க போங்க என்று பேசி அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. அதன் பிறகு பாவாயியின் கதைகளில் புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. மெட்ராஸில் ஒரு பெரிய டாக்டர் இருக்கிறாராம், சின்னப் பிள்ளையில் அந்தக் கொட்டாயில்தான் வளர்ந்தாராம். டாக்டரின் காதுக்கும் அது எட்டியது. அவர் அதை மறுக்கவில்லை.

கடைசி வரிசைப் பெண்ணுக்கு என் பதில் இதுதான். டேப்லெட் ஏற்றுக்கொள்ளாவிட்டால் அதை மூடி வைத்துவிட்டு அந்தப் பாப்பா பக்கத்தில் போய்க் கொஞ்சம் உட்கார். அது எப்போது பிறந்தது, யார் தூக்கி வளர்க்கிறார்கள், பெயர் எப்போது வைப்பார்கள் என்று பேச்சுக் கொடு. அப்புறம் உன் அதிகாரியோடு சண்டை போட்டாவது இரண்டு பாப்பாவையும் ஏற்று. சண்டை போட வராது என்றால் இந்த வேலைக்கு ஏன் வந்தாய்?

அன்று எஸ்டேட்டை விட்டு நாங்கள் கிளம்பும்போது மழை விட்டிருந்தது. டாக்டர் ஜீப்பில் முன்னால் ஏறினார். நானும் வசந்தாவும் பின்னால் ஏறினோம். செல்லம்மா களைக்கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தாள். ஜீப் நகர்ந்ததும் கொட்டாய் வாசலிலிருந்து பாவாயி சத்தமாகச் சொன்னாள்.

"பாத்துப் போ கண்ணு, ரோடு வழுக்கும்!"

யாரைச் சொன்னாள் என்று தெரியாது. நான் திரும்பினேன். வசந்தா திரும்பினாள். டாக்டர் திரும்பினார். டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார். மேட்டில் ஏறிக்கொண்டிருந்த செல்லம்மாவும் நின்று, திரும்பிப் பார்த்தாள்.